நான்கு கால் கூடு

ஷார்ஜா,
8 ஜூன் 1979

பிரியமுள்ள சுகுமாரிக்கு,

அண்ணன் கனகதாஸ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெயில் மட்டும் ஆளைத் தின்கிறது. உனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை என்று உன் மறுகடிதம் சொல்லட்டும்.

போன மாதக் கடிதம் கிடைத்தது. அப்பா வழக்கம்போல அடியில் ‘பாலையன், பத்து சென்ட்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஊரில் மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடுவார்கள். நிலத்துக்காரத் தம்பிரானின் மண்ணில் குடிசை போட்டிருந்த இடம் நமக்கே சொந்தம் என்று குடிகிடப்புப் பட்டயம் கைக்கு வந்த நாள் முதல் நம் அப்பா பத்து சென்ட் போடுகிறார். கல் கொத்துகிற மாதிரி அழுத்தி எழுதுவதால் ஏர்மெயில் தாளின் பின்பக்கம் புடைத்து நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது அதை விரலால் தடவிப் பார்ப்பேன். சிரிக்காதே. இங்கே எனக்கு அப்பா என்றால் அந்தப் புடைப்புத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கேம்பில் வேலை முடிந்து, இரும்புத் தட்டு மாட்டிய பார் தூக்குகிறவர்கள் உண்டு. போன வெள்ளிக்கிழமை பெஷாவர்க்காரன் ஒருவன் பெஞ்சில் மல்லாந்து படுத்துத் தனியாகத் தூக்கினான். நல்ல தடியன். கை தளர்ந்து பார் கழுத்தில் இறங்கிவிட்டது. நாலு பேர் ஓடிப்போய்த் தூக்கினோம். உயிர் இருக்கிறது, குரல் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் ரப்பர் ஷீட் காயப்போடும் சாய்ப்பில் படுத்து அதையேதானே செய்கிறாய்?

குண்டு எறிகிறவளுக்கு நெஞ்சிலும் தொடையிலும் பலம் வேண்டும் என்று உனக்குப் பயிற்சி கொடுக்கும் ஞானசிகாமணி சார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். பிப்ரவரியில் விளையாட்டுக்காரர்களை ரயில்வேக்கு எடுக்கும் தேர்வில் நீ ஜெயித்தால் நம் வீட்டில் முதல் சர்க்கார் வேலை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைமாட்டில் அப்பா நிற்காமல் பாரைத் தொடாதே. கல்தூண் ஏற்றும் ஆட்களுக்கு இருபது வருஷம் தலைவனாக நின்றவர் அவர். ‘பிடிச்சாச்சு’ என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் மற்றவன் கையை எடுப்பான். உனக்கும் அதே சட்டம். அவர் சொல்லாமல் நீ தூக்கினாய் என்று தெரிந்தால் இங்கிருந்தே அடிப்பேன்.

வெயிலில் கருகும் உன் அண்ணன்,
கனகதாஸ்

*

தனுவச்சபுரம்,
24 ஜூன் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகுமாரி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இரண்டு பேருக்கும் சுகம். மழை பிடித்துவிட்டது. அண்ணன் அங்கே வெயிலில் வேகாமல் இருக்க இந்த மழையில் பாதியைக் கவரில் வைத்து அனுப்ப முடியாதா என்று பார்க்கிறேன்.

அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சிரிப்பு சிரித்தார். “அவனுக்குப் பிராந்தாக்கும். நான் நிக்கேன்லா? பிள்ளைக்க கழுத்துல ஒரு ஈ இருக்க விடமாட்டேன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

தலைமாட்டில் அவர் நிற்கிற நிற்பை அண்ணன் பார்க்க வேண்டும், போலீஸ்காரன் தோற்றான். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் பாருக்கு அடியில் கொண்டுவந்து, மூச்சு இழுத்து, ‘பிடிச்சாச்சு’ என்பார். அதைக் கேட்டபிறகு எனக்குப் பயம் என்பதே இல்லை. நாற்பத்தைந்து கிலோ மூன்று தடவை போகிறது. சிமென்ட் வார்த்த தட்டுகளைக் கழித்துவிட்டு சார் கொடுத்த இரும்புத் தட்டு போட்டிருக்கிறேன். பார்தான் சுவரில் அடித்த இரண்டு மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. அது ஆட்டம் காட்டுகிறது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

அண்ணன் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எங்களை நினைத்துப் பயந்து வெப்ராளப்பட வேண்டாம்.

அன்புத் தங்கை,
சுகுமாரி

பாலையன், பத்து சென்ட்

*

ஷார்ஜா,
20 ஜூலை 1979

மக்கா சுகுமாரி,

நான் சுகம். உங்கள் இருவர் சுகமும் உன் கடிதத்தில் கண்டேன். அப்பாவின் பத்து சென்ட்டைத் தடவிப் பார்த்தேன், இந்தத் தடவை தாளில் ஓட்டையே போட்டுவிட்டார். பலமாகத்தான் இருக்கிறார்.

சுவரில் மரக்கட்டையா? அதைப் பிடுங்கி எறி. ஓய்வு நேரத்தில் நானே இரண்டு ஸ்டாண்ட் வெல்ட் செய்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஒற்றைக் கால், அகலமான பாதம், மேலே பார் உட்காரக் கொக்கி. கழற்றிப் பூட்டலாம். இங்கே என்னோடு இருக்கும் செங்கல் ஊர்க்காரன் ஜெயதாஸ் ஆகஸ்ட் இருபது வாக்கில் லீவில் வருகிறான், வீட்டிலேயே கொண்டுவந்து தருவான். நம் வீட்டுச் சோறு போட்டு அனுப்பு, நல்ல பையன். ஸ்டாண்டை மண் தரையில் வைக்காதே. மழையில் தரை இளகி ஒரு பாதம் இறங்கினால் பார் சரியும். அடியில் கருங்கல் பலகை போடு.

இங்கே பெரிய ஆபீசர்களின் ஜிம்மில் ஒரு சாமானம் பார்த்தேன். பவர் ராக் என்கிறார்கள், எனக்குக் கூடு என்றுதான் சொல்ல வருகிறது. நாலு கால், கால் முழுக்கத் துளை, துளையில் முன்னிருந்து பின்னுக்குச் செருகிய இரண்டு தடித்த கம்பி. ஆள் உள்ளே படுத்துத் தூக்குகிறான். கை விட்டால் பார் கம்பியில் விழும், ஆள்மேல் விழாது. பெஷாவர்க்காரனுக்கு அது இருந்திருந்தால் இன்று பேசிக்கொண்டிருப்பான். ஆனால் அது தனியாகத் தூக்குகிறவர்களுக்கு. நம்மிடம் அப்பாவின் இரண்டு கை இருக்கும்போது அது எதற்கு?

உன் அண்ணன்,
கனகதாஸ்

*

தனுவச்சபுரம்,
2 அக்டோபர் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகுமாரி எழுதுவது. நலம். அண்ணன் நலத்தை நாள்தோறும் ஜெபத்தில் கேட்கிறேன். கடிதம் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னிக்க வேண்டும். மழை, அப்புறம் வேலைகள்.

ஸ்டாண்ட் இரண்டும் கிடைத்தன. வெல்டிங் பிடித்த இடத்தில் ஒரு குமிழ்கூட இல்லை என்று உதியன்குளங்கரை இரும்புப் பட்டறை வேதமணி மேஸ்திரி தடவிப் பார்த்துச் சொன்னார். அடியில் கருங்கல் பலகை போட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணா, எனக்கு அந்த நாலு கால் கூடுதான் வேண்டும். ஸ்டாண்ட் பாரை மேலேதான் தாங்குகிறது. பார் ஸ்டாண்டை விட்டு என் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் அதற்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. குந்தி எழும்போதும் அப்படித்தான், எழ முடியாமல் போனால் முதுகில் அறுபது கிலோவோடு எங்கே போவேன்? அந்தக் கூட்டின் அளவு, துளை, கம்பியின் தடிமன் எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். வேதமணி மேஸ்திரி செய்து தருவதாகச் சொல்கிறார். சாய்ப்பின் உயரம் நடுவில் ஏழு அடி, ஓரத்தில் ஐந்தே முக்கால்.

அப்பா உறங்குகிறார், அதனால் கையெழுத்து வாங்கவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

அண்ணன் வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்கக் கூடாது.

தங்கை,
சுகுமாரி

*

ஷார்ஜா,
19 அக்டோபர் 1979

சுகுமாரிக்கு,

எனக்கு உடம்பு சுகம், மனசு சுகமில்லை. உங்கள் சுகம் எப்படி என்று நிஜமாகவே கேட்கிறேன்.

ஜெயதாஸ் திரும்பி வந்துவிட்டான். நீ அவனை வீட்டுக்கே வரவிடவில்லையாம். வருகிற நாளைக் கேட்டுச் சொல்லி அனுப்பி, உதியன்குளங்கரை முக்கிலேயே நின்று ஸ்டாண்டை வாங்கிக்கொண்டாயாம். “ஒரு கிளாஸ் சாயா தரல்ல அண்ணே, பிள்ளைக்க முகமே செரியில்ல” என்கிறான். நம் வீட்டு வாசல் வரை வந்தவனை அப்பா சோறு போடாமல் விட்டதுண்டா? அப்பாவுக்கு என்மேல் கோபமா? நாட்டு வைத்தியரிடம் போகிற மாதிரி உடம்புக்கு ஏதாவதா? இல்லை, திரும்பக் குடிக்கத் தொடங்கிவிட்டாரா? எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. உனக்கு யாரோடாவது பழக்கமா, அதை மறைக்கிறாயா என்றுகூடத் தோன்றியது. அப்படி இருந்தாலும் சொல். நான் கடித்துத் தின்றுவிட மாட்டேன்.

கூடு கேட்டாய். அந்த ஜிம்மில் டேப் வைத்து அளந்தேன், காவல்காரன் துரத்தினான். எழுதுவதைக் கவனமாக வாசி. உயரம் ஆறரை அடி போதும், நடுக்கூரைக்கு அடியில் வை. கால்கள் நம் பாருக்கு மூன்றரை அடி அகலத்தில் நிற்க வேண்டும், தட்டு உள்ளே இடிக்கக் கூடாது, பார் வெளியே நழுவவும் கூடாது. மெல்லிய பைப் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல், கால் இஞ்சு தடிமன் ஆங்கிளாக இருக்கட்டும். மரம் வேண்டவே வேண்டாம், ஆஞ்சிலியானாலும் துளை போட்ட இடத்தில் வெடிக்கும். நாலு காலையும் தரையில் குழி தோண்டி சிமென்ட் போட்டு நிறுத்த வேண்டும். கம்பிக்குப் பதில் கொக்கி மாட்டும் கூடும் உண்டு, அப்படிச் செய்யச் சொல்லாதே. கொக்கி நழுவும், துளையில் செருகிய கம்பி நழுவாது.

இவ்வளவும் எழுதினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பா நிற்கும்போது உனக்கு இது எதற்கு? அவர் தூங்கினார் என்றாய். பட்டப்பகலில் தூங்குகிற ஆளா அவர்? அடுத்த கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டும்.

அண்ணன்

*

தனுவச்சபுரம்,
5 நவம்பர் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம், அண்ணன் சுகமறிய ஆவலாயிருக்கிறோம்.

யாரோடும் எனக்குப் பழக்கமில்லை. பழகுகிறவனுக்கு என் கையைப் பார்த்தாலே ஓட்டம் வரும், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ஜெயதாஸ் அண்ணன் வந்த அன்று மழை, வீட்டில் ஒழுக்கு. அதுதான் முக்கில் வைத்து வாங்கினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல வேண்டும்.

அண்ணன் எழுதிய அளவை மேஸ்திரியிடம் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். துளைகளை நாலு இஞ்சு விட்டு நாலு இஞ்சு போடலாம் என்கிறார் அவர். நான் பெஞ்சில் படுத்து, பக்கத்து வீட்டு விலாசினியை விட்டு ஈர்க்குச்சியால் அளந்து பார்த்தேன். கம்பி என் நெஞ்சுக்கு ஒரு விரல் கீழே இருந்தால்தான் பார் நெஞ்சைத் தொட்டுத் திரும்பும். கழுத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி இருந்தும் பயனில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல்தான் இடம். நாலு இஞ்சு துளையில் ஒன்று நெஞ்சுக்கு மேலே போகிறது, அடுத்தது கழுத்துக்குக் கீழே போகிறது. “உமக்கு நாலு இஞ்சு சின்னக் கணக்கு, எனக்குக் கழுத்தாக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு இஞ்சு சரியா என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

அப்பா அண்ணனை விசாரித்தார். கையெழுத்துக் கேட்டீர்களே, இதோ.

தங்கை,
சுகுமாரி

பாலையன், பத்து சென்ட்

*

ஷார்ஜா,
24 நவம்பர் 1979

சுகுமாரி,

பின்பக்கம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திரும்பத் தடவினேன். ஜெயதாஸைத் தடவிப் பார்க்கச் சொன்னேன், அவனுக்கும் தட்டுப்படவில்லை.

அப்பா உயிரோடு இருக்கிறாரா?

இரண்டு இஞ்சு சரி.

கனகதாஸ்

*

தனுவச்சபுரம்,
10 டிசம்பர் 1979

அண்ணா,

இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார், இப்போது கொஞ்சம் பேசுகிறார். உங்கள் கடிதத்தை வாசித்து அழுதது நான்தான், அவர் அல்ல.

ஆகஸ்ட் பதினொன்று, சனிக்கிழமை, சாயங்காலம். மழை விட்டிருந்தது. நாற்பத்தைந்து கிலோ. நான் பெஞ்சில் படுத்தேன். அப்பா தலைமாட்டில் வந்து நின்றார். காலையிலிருந்தே வலது கை மரத்துக் கிடக்கிறது என்று உதறிக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் அப்பா, இன்று விடுவோம் என்றேன். “போடி, கை மரத்தா கல்லு காத்து நிக்குமா?” என்றார். பாரை எடுத்தேன். ‘பிடிச்சாச்சு’ என்று சொன்னார். சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது. இரண்டு தடவை போனது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. அப்பா பிடித்துக்கொள்வார் என்று கையை இளக்கினேன்.

அவர் பிடிக்கவில்லை. பார் நெஞ்சில் விழுந்தது. எனக்கு அந்த நேரம் கோபம்தான் வந்தது அண்ணா, அப்பா விளையாடுகிறாரோ என்று. தட்டுக்குப் பூட்டுப் போடாமல் இருந்தது தெய்வாதீனம், ஒரு பக்கம் சரித்தேன், தட்டு கழன்று ஓடியது, மறுபக்கமும் ஓடியது. எழுந்து திரும்பினால் அப்பா தரையில் கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் போய்விட்டது. இடது கை மட்டும் மேலே நின்றது, பாரைத் தேடுகிற மாதிரி.

வலது கையும் காலும் விழுந்துபோயின. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். விலாசினியும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். பேச்சு திரும்பியதும் அவர் முதலில் சொன்னது, “தாசுகிட்ட சொல்லாண்டாம்.” நீங்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முதல் தடவை வெளிநாடு கிளம்பி, பம்பாயில் ஏஜெண்ட் ஏமாற்றித் திரும்பி வந்த உங்கள் முகத்தை இரண்டு பேரும் பார்த்தவர்கள்தானே. அதனால்தான் ஜெயதாஸ் அண்ணனை முக்கில் நிறுத்தினேன். கையெழுத்தைப் போட்டதும் நான்தான். அப்பாவின் எழுத்து எனக்கு அச்சாக வரும். அழுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பாவம் செய்தேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூடு ஏன் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் நான் பாரைத் தொடவில்லை. அப்பாதான் இடது கையால் சாய்ப்பைக் காட்டிக் காட்டிச் சண்டை பிடித்தார். சரியென்று குறைந்த எடையில் தொடங்கினேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் பெஞ்சில் படுத்ததும் அவர் இடது கையால் வலது கையைத் தூக்கித் தூக்கி வைக்கிறார், அது விழுந்து விழுந்து போகிறது. கண்ணிலிருந்து நீர் வடிகிறது. ஒவ்வொரு நாளும் இதுதான் நடக்கிறது. என் கழுத்துக்காக மட்டும் கேட்கவில்லை அண்ணா. அவர் பயப்படாமல் என்னைப் பார்க்க வேண்டும்.

வந்துவிடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், வந்துவிடாதீர்கள்.

சுகுமாரி

*

ஷார்ஜா,
28 டிசம்பர் 1979

மக்கா சுகுமாரி,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. எனக்கு என்ன சுகம் என்று எழுத? நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறீர்கள், அது போதும்.

நாலு மாதம்! நாலு மாதம் என்னிடம் பொய் எழுதினாயே, சவமே! ஸ்டாண்டுக்கு அடியில் கருங்கல் போடு என்று நான் பெரிய மேஸ்திரி மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன், அங்கே அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாசித்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போனேன். பாஸ்போர்ட்டைக் கொடு என்றேன். போனால் திரும்ப வராதே என்றான் மானேஜர். வரவில்லை போ என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம் உன் கடைசி வரி நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டு வெளியே வந்தேன். ஏப்ரலில் ஒப்பந்தம் முடியும், அன்றே விமானம் ஏறுவேன். அதுவரை நான் சொல்வதை நீ கேட்க வேண்டும்.

கூட்டின் காலை மேஸ்திரி செய்யட்டும். கம்பி இரண்டையும் நான் செய்துவிட்டேன். ஒரு இஞ்சு கெட்டி உருண்டை, பைப் அல்ல. ஒரு நுனியில் தலை, மறுநுனியில் பூட்டு ஆணிக்குத் துளை. மூன்று நாள் வேலைக்கு நடுவில் ஒளித்து ஒளித்துச் செய்தேன். அதன்மேல் நாங்கள் ஆறு பேர் ஏறி நின்றோம், வளையவில்லை. தனுவச்சபுரம் சுவாமிதாஸ் ஜனவரி பத்தில் வருகிறான். இந்தத் தடவை வீட்டில் சோறு போடு.

அதன் உள்ளே நீ படுக்கும் முன்னால், நீ தூக்குவதைப் போல இரண்டு மடங்கு எடையைப் பாரில் ஏற்றி, ஒரு சாண் உயரத்திலிருந்து கம்பிமேல் மூன்று தடவை போட்டுப் பார். சிமென்ட் ஏழு நாள் காய்ந்த பிறகு. ஒரு நாள்கூடக் குறைக்காதே.

இன்னொன்று. இதுதான் முக்கியம். கம்பியை நீ செருகக் கூடாது. அப்பா செருக வேண்டும். இடது கையால் வலது கையைத் தூக்கி வைக்கிறார் என்றாய் அல்லவா? அவர் செருகி, இழுத்துப் பார்த்து, வாய் திறந்து சொன்ன பிறகுதான் நீ பாரைத் தொட வேண்டும். சும்மா பேருக்கு அவர் கையைத் தொட வைத்துவிட்டு நீயே செருகினால் அவருக்குத் தெரிந்துவிடும். அவரை ஏமாற்றாதே. நீங்கள் இரண்டு பேரும் என்னை ஏமாற்றியது போதும்.

உன் அண்ணன்,
கனகதாஸ்

*

தனுவச்சபுரம்,
10 பிப்ரவரி 1980

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகுமாரி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. அப்பாவுக்கு முன்னைவிடச் சுகம், ஊன்றுகோலில் முற்றம் வரை நடக்கிறார். எனக்கும் சுகம். அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறதாக சுவாமிதாஸ் அண்ணன் சொன்னார், நான் நம்பவில்லை. அவருக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் போட்டு அனுப்பினேன்.

கூடு நின்றுவிட்டது. குழி தோண்டின அன்று ஒரு கூத்து. மேஸ்திரி ஒரு அடி போதும் என்றார். அப்பா ஊன்றுகோலால் தரையைத் தட்டி, இன்னும், இன்னும் என்கிறார். ஒன்றரை அடி ஆயிற்று, இன்னும் என்கிறார். மேஸ்திரிக்கு எரிச்சல். அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: “பட்டயத்துக்கு முன்ன ஒரு தூணு மாத்தக் குழி எடுத்தேன். தம்பிரானுக்க ஆளு வந்து அதுல மண்ண தள்ளி மூடிட்டுப் போனான். இப்ப எனக்க மண்ணாக்கும். ஆழமா தோண்டும்வே.” இரண்டு அடி தோண்டினோம்.

ஏழு நாள் காயவிட்டோம். எட்டாம் நாள் அண்ணனின் கம்பிகளை அப்பா கையில் கொடுத்தேன். தலையைத் தடவினார், வெல்டிங்கைத் தடவினார், தாசு என்றார். ஒவ்வொன்றாக இடது கையால் செருகினார். ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, நான் தொடவில்லை. பூட்டு ஆணி போட்டார். இழுத்துப் பார்த்தார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

சொல்லுங்க அப்பா என்றேன். தலையை ஆட்டினார். சொல்ல மாட்டாராம். நான் பாரைத் தொட மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று சாயங்காலம் இப்படியே போனது. தேர்வுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு உள்ளே தீ. விலாசினி வந்து பார்த்துவிட்டு, அப்பனுக்கும் மகளுக்கும் பிராந்து பிடித்துவிட்டது என்று போனாள். மூன்றாம் நாள் அப்பாவே சொன்னார்: “அன்னைக்கும் சொன்னேன் மக்கா. பிடிச்சாச்சுன்னு சொன்னேன். பிடிக்கல்லியே.”

ஆகஸ்டிலிருந்து அந்த மனுஷன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கை போனதை அல்ல.

அப்புறம் அண்ணன் சொன்ன சோதனை நினைவு வந்தது. தொண்ணூறு கிலோ ஏற்றினேன். சாருக்கும் மேஸ்திரிக்கும் ஆள் விட்டேன். இருவரும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி ஒரு சாண் மேலிருந்து விட்டார்கள். ஊரே கேட்கிற சத்தம். விலாசினி வீட்டுக் கோழி எல்லாம் பறந்தது. மூன்று தடவையும் பார் கம்பிமேல் துள்ளி உட்கார்ந்தது. கூடு அசையவில்லை. அப்பா ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒரு கையால் கூட்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியைத் தடவினார். அடியில் விரலை விட்டு வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுகம்பிக்கும் போய்ப் பார்த்தார். அப்புறம் தலைமாட்டில் வந்து நின்று, வேட்டியை ஒரு கையால் மடிக்கப் பார்த்து முடியாமல், என்னைப் பார்த்தார். நான் போய்ப் படுத்தேன்.

சொன்னார் அண்ணா. வாய் கோணினாலும் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் சொல்கிறார். நேற்று ஐம்பத்தைந்தில் நான்காவது தடவை எனக்குக் கை நின்றுவிட்டது. பார் இறங்கியது. நெஞ்சைத் தொட்டது, நான் மூச்சை விட்டேன், கம்பி வாங்கிக்கொண்டது. மூன்று விரல் இடம் என்று எழுதினேனே, அந்த இடத்தில் கிடந்து மேலே பார்த்தேன். அப்பாவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாம் தேதி தேர்வு. சாரோடு போகிறேன், அப்பாவுக்கு விலாசினி துணை. ஜெயிப்பேனா தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது.

இதற்குக் கீழே இருப்பது நான் எழுதியது அல்ல. இடது கையால் இரண்டு வாரம் பழகினார். மூன்று ஏர்மெயில் தாள் கிழிந்து போயிற்று, இது நாலாவது. இதிலும் ஒரு இடத்தில் கிழிந்திருக்கிறது, அதனால் அந்தப் பின்பக்கம் நான் ஒன்றும் எழுதவில்லை. தடவிப் பாருங்கள்.

தங்கை,
சுகுமாரி

பிடிச்சாச்சு.
பாலையன், பத்து சென்ட்